பாதி டாக்டர், பாதி கடை

பாம்ம்... பாம்ம்... வாசலில் ஹார்ன் அலறியதில் நாராயணனின் கையிலிருந்த சவரக்கத்தி மோவாயை லேசாக இழுத்துவிட்டது, சுரீர் என்றது, வந்துவிட்டார்கள், கிள்ளானிலிருந்து குமரப்பனைத் தவிர வேறு யார் இப்படி அடிப்பார்கள், புது டட்சன் கார் வந்து நிற்பது பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்தாக வேண்டும் அவருக்கு, எதிர்வரிசை ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜன்னல்களில் இரண்டு தலையாவது எட்டிப் பார்த்தாக வேண்டும்... சித்தப்பா வந்துட்டாக, எறங்கி வாப்பா, என்று கீழேயிருந்து விசாலம் ஆத்தா குரல் கொடுத்தாள். சித்தப்பா! பெற்ற தகப்பனைச் சித்தப்பா என்று கூப்பிடுகிற பாக்கியம் எல்லாருக்குமா கிடைக்கிறது? ஒன்பது வயது வரைக்கும் அப்பச்சியாக இருந்த குமரப்பன் ஒரு நாள் காலையில் சித்தப்பா ஆகிப் போனார், அதுவரை பெரியப்பச்சியாக இருந்த சோலையப்பன் அப்பச்சி ஆனார், அவர் மனைவி விசாலம் ஆத்தா ஆனாள், பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது செட்டியார் வீடுகளில் வழிவழியாக நடப்பதுதான், இதில் அதிசயம் என்ன, அநியாயம்தான் என்ன என்று எல்லாரும் பாயசம் குடித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். கூட்டிக்கொள்வது... என்ன அழகான சொல்! ஒரு வீட்டில் கூட்டினால் இன்னொரு வீட்டில் கழித்தாக வேண்டும் என்பது எட்டணா கணக்குத் தெரிந்தவனுக்கும் தெரியும், கணக்கிலேயே பிறந்து கணக்கிலேயே வளர்ந்த இந்தச் சனங்களுக்கு மட்டும் கழித்தலுக்கு ஒரு சொல் கிடைக்காமல் போய்விட்டது.

மோவாயில் தண்ணீரை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். அப்பச்சி, நான் வெட்டரினரி படிக்கப் போறேன்... நன்றாகத்தான் இருந்தது, ஆங்கிலத்தில் சொன்னால் அதற்கு ஒரு கோட்டும் கழுத்துப் பட்டையும் தானாக வந்துவிடுகிறது. மலாயில் டொக்டர் ஹைவான் என்றாலும் பரவாயில்லை, அரசாங்க உத்தியோகம் போலக் காதில் விழும். தமிழில்தான் வம்பு. கால்நடை மருத்துவம் என்று எவ்வளவு கௌரவமாகச் சொன்னாலும் கேட்கிறவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் அதை மாட்டு டாக்டர் ஆக்கிவிடுவார்கள், மாடு என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அடுத்து வருவது மேய்ப்பதுதான், படிப்பு ஏறாத பிள்ளையைத் திட்டுவதற்கென்றே ஒதுக்கிவைத்த மிருகம் அது, பாவம். ஆகவே ஆங்கிலம். ஹெச்.எஸ்.சி. தேர்வில் இவ்வளவு நன்றாக வந்திருக்கவே வேண்டாம், அதுதான் வினை, சுமாராக வந்திருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள், கிள்ளானுக்கும் வேண்டாம் பிரிக்பீல்ட்ஸுக்கும் வேண்டாம் என்று கடையில் ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். சோலையப்பன் அப்பச்சிக்கு அவன் லண்டன் போய் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக வேண்டும், குமரப்பச் சித்தப்பாவுக்கு அவன் மெட்ராஸ் போய் எம்.பி.பி.எஸ். ஆக வேண்டும், விசாலம் ஆத்தாவுக்கு அவன் என்ன ஆனாலும் சரி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாச்சாள் சின்னாத்தாவுக்கு? தெரியாது. அவளைத்தான் யாரும் கேட்பதில்லையே, தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பற்றி வாய் திறக்க அவளுக்குத்தான் உரிமை இல்லையே. ஆனால் அவள் மனசு அவனுக்குத் தெரியும், இந்தப் பத்து வருஷமாக அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த விஷயம்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பல்கலைக்கழக விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம், இங்கிருந்து காஜாங் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், ஆத்தாவை அப்படித்தான் முதலில் மடக்க வேண்டும், அப்பச்சி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஒரே ஒரு கையெழுத்து... போன வருஷம் ஆற்றோரம் பால்காரத் தம்புசாமியின் கொட்டகைக்குப் பால் வாங்கப் போனபோது அவருடைய பசு சிவப்பி தரையில் கிடந்தது, கன்று பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது, தம்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்போதுதான் அரசாங்க ஜீப்பிலிருந்து ஒரு சீனத்தி இறங்கினாள், குள்ளம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு வார்த்தை பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டினாள், தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டாள், கன்னத்தை மாட்டின் பின்பக்கத்தில் அழுத்திவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், உள்ளேயிருக்கிற உயிர் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று விரல்களாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கன்றின் காலில் கட்டிய கயிற்றின் நுனியை இவன் கையில் திணித்து, தாரிக், டேக், தாரிக்! என்று கத்தினாள், இழு தம்பி இழு, இவன் இழுத்தான், கால் சறுக்கச் சறுக்க இழுத்தான், வழவழவென்று அது வெளியே வந்து விழுந்தபோது இவன் சட்டையெல்லாம் ரத்தம், சாணி, என்னென்னவோ. அவன் யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குப் பிறந்து யாரிடம் வளர்கிறான் என்று அந்தச் சீனத்திக்குத் தெரியாது, இழுக்கக் கை வேண்டியிருந்தது, அவன் கை இருந்தது, அவ்வளவுதான். அவ்வளவுதானா? ஒருத்தர் அவனை ஒரு காரியத்துக்காக மட்டும் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கீழே இறங்கினான். கூடத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள், சோலையப்பன் சாய்வு நாற்காலியில், குமரப்பன் சோபாவின் நுனியில், அண்ணன் முன்னால் சாய்ந்து உட்காரக் கூடாது என்கிற மரியாதை ஒன்றுதான் அவரிடம் மிச்சம். "வாய்யா டாக்டரு!" என்றார் இவனைப் பார்த்ததும், "மொகத்துல என்ன வெட்டு? இப்பவே ஆப்பரேசன் பழகுறியா?" "டாக்டராவது ஒண்ணாவது," என்றார் சோலையப்பன் சிரித்துக்கொண்டே, "கத்தியைப் பிடிக்கத் தெரியாம மூஞ்சியைக் கீறிக்கிட்டிருக்கான், இவன்கிட்ட எவன்டா வயித்தைக் கொடுப்பான்? கணக்குன்னா ரத்தம் வராது லா, குமரா." இருவரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். நாச்சாள் கையில் தூக்குச்சட்டியோடு கூடத்தைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, எப்போதுமே பார்க்க மாட்டாள், பார்த்தால் தாங்காது அவளுக்கு, அதுதான், அது அவனுக்குத் தெரியும். தூக்குச்சட்டியில் சீயம் இருக்கும், உளுந்துமாவில் முக்கிப் பொரித்த இனிப்பு உருண்டை, ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறாள், வாயால் சொல்ல முடியாததை மாவுக்குள் வைத்துப் பொரித்துக் கொண்டுவருகிறாள் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வதுண்டு, அந்த வரிக்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அன்றைக்கும் சீயம் இருந்தது, பிள்ளை கூட்டிய அந்த நாளில்... இதே கூடம், மனை போட்டு உட்கார வைத்தார்கள், புது வேட்டி இடுப்பில் நிற்காமல் விசாலம் பெரியாத்தா மேலே ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டாள், வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தான், மண்வாசனையும் கசப்புமாக இருந்தது, குடித்து முடித்ததும் எல்லாரும் இவன் முகத்தையே பார்த்தார்கள், ஏதோ மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல. சடங்கென்றால் காது குத்துவது மாதிரி, முடிந்ததும் எல்லாருமாகக் காரில் ஏறிக் கிள்ளானுக்குப் போய்விடுவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லையே. அதனால்தான் சாயங்காலமே காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தயாராக உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பழனி போனான், தம்பி அண்ணாமலை போனான், கார் கதவுகள் டப் டப்பென்று சாத்தின, இவன் ஓடிவந்து பார்த்தபோது டயர் சுவடுதான் இருந்தது. நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு நான்தான் இவனைக் கேட்டு வாங்குனேன் என்று சோலையப்பன் அப்பச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் சமாதானமாகும், மூன்று பேரில் சிறந்ததைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்திருக்கிறார்கள், அதற்காகவாவது நன்றாகப் படிக்க வேண்டும் என்று படித்தான். படித்துப் படித்து எங்கே வந்து நிற்கிறது பார்.

இலை போட்டாயிற்று. விசாலம் ஆத்தா கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தாள், நாச்சாள் பின்னால் சீயத் தட்டோடு. அவன் இலையில் இரண்டு வைத்தாள், சோலையப்பன் இலையில் இரண்டு, குமரப்பன் இலையில் இரண்டு, அளந்து வைத்தமாதிரி. "எதுக்கு நாச்சா ஒவ்வொரு வாட்டியும் செரமப்படுறே?" என்று விசாலம் கேட்டதற்கு, "செரமம் என்ன ஆச்சி, பழனிக்கு ஞாயித்துக்கெழமை சீயம் இல்லாட்டி எறங்காது, செஞ்சது மிஞ்சிச்சு, கொண்டாந்தேன்," என்றாள். இவன் கையில் எடுத்த சீயத்தை வாயில் போடாமல் இலையோரத்தில் வைத்தான். சும்மா சொல்கிறாள். ஆச்சி முன்னால் வேறு எப்படிச் சொல்வாள்? வேறு எப்படியும் சொல்ல முடியாது அவளால்... அந்தப் பக்கம் இரண்டு தகப்பன்களும் ஆரம்பித்துவிட்டார்கள். எலும்பைக் கடித்துக்கொண்டே குமரப்பன், "கணக்குப் படிக்கிறவன் பாசார்ல பத்துப் பேரு அண்ணே, டாக்டர்னு நம்ம கோயில் பங்காளிகள்ல இதுவரைக்கும் ஒரு பய உண்டா சொல்லுங்க? தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போகும்போது, அந்தா போறாரு பாருங்க டாக்டர் நாராயணன், யாரு மகன்..." என்று சொல்லிக்கொண்டு போனவர் சட்டென்று நிறுத்தினார். யார் மகன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த இடத்தில் எப்போதுமே அவருக்குப் புரையேறும். சோலையப்பன் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். "குடி. சாவகாசமாச் சொல்லு. யாரு மகன்னு நானே சொல்லிக்கிறேன்." அடி விழுந்தது குமரப்பனுக்கு, ஆனால் வலித்தது இவனுக்கு, ஏன் என்று தெரியவில்லை. "அதுக்கில்லைண்ணே..." "எதுக்கில்லை? ஒனக்கு டாக்டர் மகன் வேணும்னா பழனியைப் படிக்க வையி." "அவனுக்கு எங்கண்ணே படிப்பு ஏறுது, அவன் லோரியைக் கட்டிக்கிட்டு அழுவறான்." "அப்ப அண்ணாமலை?" "அவன் அதுக்கு மேல." "அதான் பார்த்தேன்! ஒனக்கு மிஞ்சுன ரெண்டும் வெளங்கலைன்னு எங்கிட்ட வந்ததை எட்டிப் பிடிக்கிறியா?" என்று சோலையப்பன் சிரிக்க, குமரப்பனும் சிரித்தார், அண்ணன் கேலியென்றால் தம்பி சிரித்தாக வேண்டும். மிஞ்சுன ரெண்டு, வந்தது ஒண்ணு. கடையில் சரக்குப் பிரித்துக்கொள்கிற மாதிரி எவ்வளவு சுலபமாகப் பேசுகிறார்கள், நடுவில் உட்கார்ந்து ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கிறவனுக்குக் காது இருக்கிறது என்று யாருக்காவது தோன்றுகிறதா? தோன்றாது. இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் இலையை மடித்துவிடுவார்கள், மோர் வந்துவிட்டது, மோருக்கு அப்புறம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்...

"நான் வெட்டரினரி படிக்கப் போறேன்," என்றான்.

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. இருவரும் கையை நிறுத்தினார்கள். முதலில் குமரப்பன்தான், "என்னது? வெட்டரனா?" என்றார், "அது கெழட்டுப் பயலுக எல்லாம் சேர்ந்து பந்து வெளையாடுறது இல்ல? கிள்ளான் பாடாங் மைதானத்துல வருசா வருசம் வெட்டரன் மேட்ச் வைப்பானுக, போன வருசம் ஒருத்தன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வுழுந்தான்." "வெட்டரன் இல்ல, வெட்டரினரி," என்று இவன் திருத்தினான், காது சூடாகிவிட்டது, "அதுவும் டாக்டர்தான், செர்டாங்ல இருக்கு, அஞ்சு வருசம், அரசாங்கமே வேலை கொடுக்கும்..." டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் குமரப்பன் முகம் விரிந்தது, "அப்படிச் சொல்லு! இங்கேயே டாக்டருக்குச் சீட்டு கெடைக்குமா? நமக்கெல்லாம் அது குதிரைக் கொம்பாச்சே!" என்று அண்ணனை ஒரு பார்வை பார்த்தார், ஜெயித்த பார்வை, ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவன் அந்தக் கணத்திலேயே எழுந்து போயிருக்கலாம், அப்படியே விட்டிருந்தால் கையெழுத்தாகியிருக்குமோ என்னவோ, ஆனால் சோலையப்பன் கணக்குத் தெரிந்தவர் ஆயிற்றே, விரலை நக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார், "என்ன டாக்டரு அது? பல்லா, கண்ணா?" எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்ததுதான். ஆங்கிலம் கைவிட்டது. மலாய் கைவிட்டது. "மாடு, ஆடு, கோழி..." என்றான்.

இலையிலிருந்த கோழியை இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். அப்புறம்தான் வந்தது சிரிப்பு, குமரப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "இந்தக் கோழிக்கு என்ன சீக்குன்னு பார்த்துச் சொல்லுங்க டாக்டரய்யா!" என்று எலும்பை எடுத்து நீட்டினார், "அய்யா, மாட்டு டாக்டரா! நாடி எங்க பிடிப்பே, வால்லயா?" சோலையப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பத்து வருஷத்தில் இந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து இப்படிச் சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததே இல்லை. சரி, சிரித்து முடியட்டும். இன்னும் ஆத்தா இருக்கிறாள். "ஆத்தா, செர்டாங் கிட்டத்தான், பஸ்ஸுல போய்ட்டுப் பஸ்ஸுல வந்துருவேன், எங்கேயும் போக வேண்டாம், ராத்திரி இங்கதான்," என்றான் விசாலத்தைப் பார்த்து, அவளுக்கென்று வைத்திருந்த துருப்பு அது, அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்துதான் போயிற்று, நிச்சயமாக வந்தது, அவன் பார்த்தான். மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ராத்திரி வந்துருவேதான்... ஆனா வேணாம்ப்பா." "ஏன் ஆத்தா?" "ஏன்னா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாக? கூட்டியாந்த பிள்ளையைப் படிக்க வைக்க மனசில்லாம மாட்டுக்கிட்ட அனுப்பிட்டா விசாலம், சொந்தப் பிள்ளையா இருந்தா அனுப்பியிருப்பாளான்னு கேக்க மாட்டாகளா? எனக்கு வேணாம்ப்பா அந்தப் பேரு." சிரிப்பு நின்றுவிட்டது. இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. குமரப்பன் தலையை ஆட்டினார், "ஆச்சி சொல்றது வாஸ்தவம். என்னையும்ல கேப்பாக, பிள்ளையைக் கொடுத்துப்புட்டு மாடு மேய்க்க விட்டுட்டியேன்னு." ஆக, சொந்தப் பிள்ளையாக இருந்திருந்தால் படித்திருக்கலாம். இரண்டு வீட்டில் எந்த வீட்டுக்குச் சொந்தப் பிள்ளையாக இருந்திருந்தாலும் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கலாம், பழனி லோரி ஓட்டப் போகிறானே, யார் என்ன கேட்டார்கள்? கூட்டிக்கொண்ட பிள்ளை மட்டும் கோபுரத்து மேல்தான் நிற்க வேண்டும், கீழே இறங்கினால் கொடுத்தவனுக்கும் அவமானம், கொண்டவனுக்கும் அவமானம்... ஆத்தாவின் முகத்தில் வந்த அந்த வெளிச்சம்? அது எங்கே போயிற்று? நாலு பேர் தின்றுவிட்டார்கள். யார் அந்த நாலு பேர், அவர்களுக்கு மட்டும் எல்லா வீட்டுப் பந்தியிலும் இலை போட்டிருக்கிறதே!

கை கழுவிவிட்டு வந்தபோது வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது, பகை தீர்ந்துவிட்டிருந்தது, பொது எதிரியாக ஒரு மாடு கிடைத்துவிட்டதல்லவா. குமரப்பன் பாக்கை மென்றுகொண்டே சோபாவில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஒங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். பார்மசி." "அப்படின்னா?" "மருந்துக் கடைக்குப் படிக்கிற படிப்புண்ணே. மெட்ராஸ்ல இருக்கு. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்குவான், எனக்கு டாக்டரு. கல்லாப் பெட்டியில ஒக்காருவான், ஒங்களுக்கு யாவாரம்." சோலையப்பன் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அட! இது தேவலையே. பாதி டாக்டரு, பாதி கடைங்கிறே." "அதேதான்!" "கடையைக் கீழ் வீட்டுலேயே போட்டுறலாம்." "இங்கயா? வேணாண்ணே, கிள்ளான்ல போடுவோம், எங்கிட்ட கட்டடம் சும்மாக் கெடக்கு." "ஏன், பிரிக்பீல்ட்ஸ்ல எவனுக்கும் சீக்கு வராதா?" "வரும்ணே, வராம என்ன, ஆனா கிள்ளான்ல சீக்கு ஜாஸ்தி, இங்க பங்சார்லேருந்து வர்ற காசுக்காரன் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருவான், தோட்டத்துக்காரவுக கிள்ளானுக்குத்தான் வருவாக." பேரம் ஆரம்பமாகிவிட்டது. இவன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான், அது வேறு விஷயம், நின்றானே, மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லாமல் தூண் மாதிரி நின்றானே, அந்த நிற்பைத்தான் எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எத்தனை வருஷமாக எடுத்துக்கொள்கிறார்கள்... கடைசியில் கடைக்குப் பெயர் வைத்தார்கள். எஸ்.கே. பார்மசி. எஸ் என்றால் சோலையப்பன், கே என்றால் குமரப்பன். கேட்க நன்றாக இருக்கிறது லா என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் என் எழுத்து எங்கே என்று இவன் தேடினான், இல்லை, தேடியது வெட்கமாகக்கூட இருந்தது. "நாராயணா, நாளைக்கே மெட்ராஸுக்கு நம்ம ஆளுகளுக்குத் தந்தி கொடுத்துரலாம், என்ன?" என்றார் சோலையப்பன் அன்போடு. அன்பு இல்லாமல் இல்லை, அதுதான் கொடுமை, அவர் குரலில் அன்பு இருக்கத்தான் செய்தது. தலையாட்டினானா? ஆட்டியிருக்க வேண்டும், அவர் திரும்பவும் வெற்றிலைக்குப் போய்விட்டார்.

விசாலம் ஆத்தா காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அடுப்படியில் நாச்சாள் மட்டும் குழாயடியில் தூக்குச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், வளையல்கள் முழங்கைக்கு ஏறியிருந்தன. இவன் வாசற்படியில் நின்றான். ஏன் வந்தான்? தண்ணீர் குடிக்க. இல்லை, தண்ணீருக்கு வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெற்றவள் சொன்னால் அதற்கு ஒரு எடை இருக்கும், பத்து வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் ஒரு தடவை வாயைத் திறந்தால் அந்த இரண்டு பேரும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்பார்கள், அவளுக்குள் அது இருக்கிறது, நிச்சயம் இருக்கிறது, தன் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து கூறு போடுவதைக் கேட்டுக்கொண்டுதானே இப்படி அழுத்தி அழுத்தித் தேய்க்கிறாள்? கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? ஆத்தா என்று கூப்பிடக் கூடாது, சின்னாத்தா என்று கூப்பிட வாய் வராது, அதனால் இதுநாள் வரைக்கும் அவளைக் கூப்பிடாமலேயே, முறைப்பெயர் வேண்டாத வாக்கியமாகப் பார்த்துப் பார்த்து அமைத்து, சாப்டாச்சா, எப்ப வந்தீக, மழையா அங்க, என்று பேசியே காலத்தை ஓட்டிவிட்டான். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான். அவள் திரும்பினாள். கையில் சாம்பல் நுரை. "என்ன சொல்லச் சொல்றே?" "எனக்கு இஷ்டமில்லைன்னு." "ஒனக்கு இஷ்டமில்லையா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள், "பார்மசி நல்ல படிப்புன்னுதானே சொல்றாக? சும்மாதானே நின்னே அங்க?" "நான் கேட்டது அது இல்லையே... ஒரு கன்னுக்குட்டி பிறந்துச்சு, நான்தான் இழுத்தேன்," என்று ஆரம்பித்தான், எங்கே ஆரம்பிக்கிறான், இதையா சொல்ல வந்தான், அந்தக் கயிறு, அந்தச் சீனத்தி, கையில் வந்து விழுந்த அந்தச் சூடு, அதையெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வது, கண்ணில் நீர் வழிந்துவிட்டது, மூக்கு அடைத்தது, பத்தொன்பது வயசு ஆம்பிளை, மோவாயில் வெட்டுக்காயத்தோடு, அடுப்படி வாசற்படியில், சே... துடைக்கக் கையை உயர்த்தினான், துடைக்கவில்லை, இப்போது அவள் துடைப்பாள், ஈரக் கையோடு வந்து முந்தானையால் துடைத்துவிடுவாள், இதற்காகத்தானே இத்தனை வருஷமும்... வருகிறாள், இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். திரும்ப அவனைப் பார்த்தபோது அந்த முகத்தில் அவன் பத்து வருஷமாகக் கற்பித்து வைத்திருந்த துக்கம் இல்லை. திகைப்புத்தான் இருந்தது, நம்பி விற்ற சரக்கு பழுதென்று திரும்பி வந்துவிடுமோ என்று பயப்படுகிற கடைக்காரியின் திகைப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி, சொன்னாள்:

"என்னப்பா இது... மூணு பேர்ல நீ ஒருத்தன்தான் அழமாட்டேன்னுதானே ஒன்னயக் கொடுத்தோம்!"